நெம்புகோலும் தம்ளரும்

1

கல்யாண மண்டபங்களில் 'எக்ஸ்பிரஸ்ஸோ' என்ற பெயரில் கிடைக்கிற பானத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் அதிகமில்லை. உடனடிக் காப்பித்தூளும் சர்க்கரையும் பாலும் கலந்த கோப்பைக்குள் ஒரு குழாய் வழியாக நீராவி பாய்ச்சப்படுகிறது. இரைச்சல் எழுகிறது, நுரை எழுகிறது, மேலே கொஞ்சம் கோகோ தூள் தூவப்படுகிறது. குழந்தைகளுக்குப் பிடிக்கிற பானம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எஸ்பிரஸ்ஸோவின் சரித்திரத்தில் நீராவி முதலில் வந்து, பின்பு குற்றவாளியாகக் கண்டுபிடிக்கப்பட்டு, காப்பித்தூளின் பக்கம் வராதபடி விலக்கப்பட்ட சமாசாரம். விலக்கப்பட்டதை மட்டும் வாங்கிக்கொண்டு அதற்கு முழுப் பெயரையும் நாம் சூட்டியிருக்கிறோம். மேல்நாட்டு இலக்கிய இயக்கங்களின் பெயர்கள் நம் பத்திரிகைகளில் வந்து இறங்கிய விதம் ஞாபகத்துக்கு வருகிறவர்களுக்கு வரட்டும்.

நீராவியை விலக்கியது நெம்புகோல். ஒரு மனிதன் கையால் இழுத்து இயக்கும் நெம்புகோல். சுமார் பதின்மூன்று ஆண்டுகள்தான் அது தனியாட்சி செய்தது. 1948-இல் கடைக்கு வந்தது. 1961-இல் மின்பம்பு வந்து அதைப் பின்னுக்குத் தள்ளியது. இந்தக் குறுகிய காலத்தில் காப்பி என்ற பானத்தின் உருவமே மாறிவிட்டது. இயந்திரங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் மனிதக் கை படிப்படியாக விலகிக்கொண்டதாகவே எழுதுவார்கள். இங்கே வரிசை மாறுகிறது. முதலில் நீராவி, பிறகு கை, அதன் பிறகு மின்சாரம். நடுவில் கை ஏன் திரும்பி வந்தது, வந்து என்ன செய்தது என்பது கவனிக்கத்தக்க விஷயம். அதைக் கவனித்துவிட்டு நம் காப்பிக்கும் டீக்கும் திரும்பினால் வேறொரு கேள்வி எழுகிறது: இங்கே அது யாருடைய கை?

2

எஸ்பிரஸ்ஸோ என்ற இத்தாலியச் சொல்லில் மூன்று அர்த்தங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. பிழிந்து எடுத்தது, விரைவானது, கேட்டவருக்கென்றே தனியாகச் செய்தது. மூன்றாவது அர்த்தம்தான் முக்கியம். அண்டாவில் காய்ச்சி வைத்து மொண்டு ஊற்றுகிற காப்பிக்கு எதிராக, ஒரு ஆளுக்கு ஒரு கோப்பை, அவன் கண் முன்னால்.

1884-இல் டூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ நீராவியால் காப்பி வடிக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது மொத்தமாக வடிக்கும் இயந்திரம். மிலான் நகரத்து லுயிஜி பெட்ஸேரா 1901-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில்தான் ஒரு கோப்பைக்கு ஒரு கைப்பிடிச் சல்லடை என்ற ஏற்பாடு வந்தது. அந்த உரிமையை தெஸிதேரியோ பவோனி வாங்கினார். 1905-இல் 'லா பவோனி' என்ற ஸ்தாபனம் பிறந்தது. 1906-இல் மிலான் பொருட்காட்சியில் உலகம் அதைப் பார்த்தது.

உயரமான செம்பு, பித்தளைக் கொதிகலம். உச்சியில் கழுகோ கோபுரமோ போன்ற அலங்காரம். நம் டீக்கடை பாய்லருக்குப் பெரியப்பா மகன் என்று சொல்லலாம். இரண்டுக்கும் அடியில் நெருப்பு, உள்ளே தண்ணீர், பக்கத்தில் குழாய். வித்தியாசம், இத்தாலியப் பாய்லர் இறுக மூடப்பட்டது. உள்ளே சேரும் நீராவி தண்ணீரைக் காப்பித்தூள் வழியாகத் தள்ளும். தள்ளுகிற அழுத்தம் ஒன்று அல்லது ஒன்றரை வாயுமண்டலம். அதற்கு மேல் போனால் பாய்லர் வெடிக்கும் அபாயம்.

வேகத்தை வழிபட்ட காலம் அது. எதிர்காலவாதத்தின் அறிக்கையை 1909-இல் வெளியிட்ட மரினெட்டிக்கு 'ஐரோப்பாவின் காஃபீன்' என்று பட்டப்பெயர் உண்டு. 1922-இல் விக்டோரியா அர்துயீனோ கம்பெனிக்காக கப்பியெல்லோ வரைந்த விளம்பரச் சித்திரத்தில், ஓடுகிற ரயிலிலிருந்து ஒருவன் வெளியே சாய்ந்து இயந்திரத்திலிருந்து காப்பியைப் பிடித்துக்கொள்கிறான். ரயிலும் காப்பி இயந்திரமும் ஒரே நீராவியில் ஓடுகின்றன என்பதுதான் சித்திரத்தின் பொருள்.

ஆனால் பானம் நன்றாக இல்லை. அழுத்தத்தைக் கூட்ட ஒரே வழி தண்ணீரை மேலும் சூடாக்குவது. மூடிய கலத்தில் ஒரு வாயுமண்டல உபரி அழுத்தத்தில் தண்ணீரின் சூடு 120 டிகிரியை ஒட்டி நிற்கும். காப்பித்தூளுக்கு 90 டிகிரி சுமாரில் இருந்தால் போதும். அதற்கு மேல் தூள் கருகிய கசப்பு ஏறும். சூட்டையும் அழுத்தத்தையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். ஒன்றை இழுத்தால் மற்றதும் வந்தது. நாற்பது வருஷங்களுக்கு மேல் இத்தாலியர்கள் வேகமாகக் குடித்தது பெரும்பாலும் கருகல் காப்பி.

3

இந்த முடிச்சைப் பலர் அவிழ்க்கப் பார்த்தார்கள். ஃப்ரான்செஸ்கோ இல்லி 1935-இல் நீராவிக்குப் பதில் அழுத்திய காற்றைப் பயன்படுத்தினார். மிலானில் மதுக்கடை நடத்திய அக்கிலே கஜ்ஜா 1938-இல் நீராவியற்ற காப்பி இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். யுத்தம் குறுக்கே வந்தது. எத்தியோப்பியப் படையெடுப்புக்குப் பிந்தைய தடைகளாலும் முஸ்ஸோலினியின் சுயதேவைக் கொள்கையாலும் இத்தாலியில் காப்பிக்கொட்டையே அரிதாகி, சிக்கரியும் வறுத்த பார்லியும் கோப்பைக்குள் வந்திருந்தன. யுத்தம் முடிந்த பிறகு, 1947-இல், பிஸ்டனும் நெம்புகோலும் கொண்ட புதிய அமைப்புக்கு கஜ்ஜா உரிமை பெற்றார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது.

அதன் வேலையை விளங்கிக்கொள்ள நம் சமையலறையின் இடியாப்ப உரலை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு குழாய், அடியில் ஓட்டைகள், மேலே அமுக்குகிற கட்டை. மாவுக்குப் பதில் தண்ணீர்; ஓட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இறுக்கி வைத்த காப்பித்தூள். அமுக்குகிற கட்டைக்கு மேலே கனத்த இரும்புச் சுருள்வில். வில்லோடு நெம்புகோல் பிணைக்கப்பட்டிருக்கிறது.

நெம்புகோலைக் கீழே இழுத்தால் பிஸ்டன் மேலே போகும், வில் சுருங்கும். பிஸ்டன் மேலே போனதும் பக்கத்திலுள்ள துளை திறந்து பாய்லரிலிருந்து வெந்நீர் உள்ளே வந்து தூளின்மேல் நிற்கும். இழுத்தவன் கையை எடுக்காமல் சில விநாடிகள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் தூள் நனைந்து ஊதி ஒன்றாக இறுகும். பிறகு கையைத் தளர்த்தினால் வில் விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும், துளை அடைபடும், தண்ணீர் போக வேறு வழியின்றித் தூளைத் துளைத்துக்கொண்டு இறங்கும். நெம்புகோல் தானாக மெதுவாக மேலேறிக்கொண்டிருக்கும். இருபத்தைந்து முப்பது விநாடிகளில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் இந்தக் காப்பியை 'இழுப்பது' என்று சொல்லும் வழக்கம் இங்கிருந்து பிறந்தது. இழுக்க ஒன்றுமில்லாத பொத்தான் இயந்திரங்களின் காலத்திலும் அந்த வினைச்சொல் போகவில்லை.

அழுத்தம் இப்போது எட்டு, ஒன்பது வாயுமண்டலம். தண்ணீரை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கணக்குப் பார்த்தால் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு வாயுமண்டலம். ஒன்பதுக்குத் தொண்ணூறு மீட்டர். 236 அடி உயரமுள்ள ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 72 மீட்டர்தான். அதையும் தாண்டிய ஒரு நீர்த்தூண், ஏழு கிராம் தூளின் தலைமேல் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அவ்வளவு பாரமும் ஒரு மனிதனின் தோள்பட்டையிலிருந்து வந்து, வில்லுக்குள் சேமிக்கப்பட்டு, திரும்பி வருகிறது. கிணற்று மேட்டில் ஏற்றம் இறைத்த சமூகத்துக்கு நெம்புகோலின் இந்தத் தத்துவம் புதியதல்ல. சின்ன அசைவைப் பெரிய பாரமாக மாற்ற நம்மவர்கள் துலாவின்மேல் நடந்தார்கள்.

முக்கியமானது, கயிறு அறுந்துவிட்டது. பாய்லர் இனி சூடாக்கும் வேலையை மட்டும் பார்த்தால் போதும். அழுத்தம் வேறு இடத்திலிருந்து வந்தது. பாய்லரிலிருந்து வருகிற தண்ணீர், கனமான உலோகத் தலைக்குள் புகும்போது சூட்டில் கொஞ்சத்தை உலோகத்துக்குக் கொடுத்துவிட்டுத் தேவையான அளவுக்கு இறங்கியது. கருகல் போயிற்று.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கோப்பையின் மேல் பழுப்புப் பொன்னிறத்தில் ஒரு நுரைப்படலம் மிதந்தது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கும். கடும் அழுத்தத்தில் அது தண்ணீரில் கரைந்து, கோப்பையில் விழுந்ததும் அழுத்தம் நீங்கிக் குமிழ்களாக வெளிப்பட்டு, காப்பி எண்ணெயோடு சேர்ந்து மேலே படிகிறது. கோலி சோடாவில் குண்டை அமுக்கியதும் நடக்கிற அதே காரியம்தான். ஆனால் வாடிக்கையாளர்களுக்கு நுரை புதிது; அழுக்கோ கலப்படமோ என்று சந்தேகப்பட்டார்கள். கஜ்ஜா நுரையை நீக்க முயலவில்லை. அது காப்பியின் பாலேடு, இயற்கையாகக் காப்பியிலிருந்தே வருவது என்று இயந்திரத்தின் மேலேயே எழுதி வைத்தார். சில ஆண்டுகளில் நுரை இல்லாத கோப்பையைத்தான் சந்தேகப்பட்டார்கள். புதிய உருவம் ஒன்று தோன்றும்போது அதன் முதன்மையான லட்சணமே குறையாகப் படிக்கப்படுவதும், பிறகு அந்த லட்சணத்தை வைத்தே போலிகள் அளக்கப்படுவதும் நாம் வேறு துறையில் பார்த்துப் பழகிய கதை. புதுக்கவிதைக்குச் சந்தம் இல்லை என்றார்கள். இப்போது சந்தம் இல்லாததே கவிதைக்கு அத்தாட்சியாகிவிட்டது. எல்லா நுரையும் காப்பியின் தரத்துக்குச் சாட்சி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கோப்பையின் அளவும் மாறிற்று. பிஸ்டன் ஓடுகிற குழாயின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவுதான் காப்பி. குழாயைப் பெரிதாக்கினால் வில்லும் பெரிதாக வேண்டும். இழுக்க ஒரு கைக்குப் பலம் போதாது. உலகமெங்கும் முப்பது மில்லிலிட்டர் சுமாருக்கு நிற்கிற அந்தச் சின்னக் கோப்பையின் அளவு, ருசி நிபுணர்கள் கூடிப் பேசி நிர்ணயித்ததல்ல. மனிதக் கை எவ்வளவு வில்லைச் சுருக்க முடியும் என்பதன் அளவு அது.

4

நெம்புகோல் இயந்திரத்தின் சாதக பாதகங்களைப் பட்டியலிட்டால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவது தெரியும்.

பம்பு இல்லை, ஆகவே சத்தம் இல்லை. பாகங்கள் சொற்பம்: வில், பிஸ்டன், ரப்பர் வளையங்கள், கொதிகலம். வளையங்கள் தேயும், மாற்றிக்கொள்ளலாம். அடியில் எரிவாயு அடுப்பு இருந்தால் மின்சாரமே வேண்டாம்; தள்ளுவண்டியில் வைத்து விற்கிறவர்கள் இன்றும் நெம்புகோலைத் தேடுவது இதனால்தான். வில் விரிய விரிய அதன் பலம் குறையும். ஒன்பதில் தொடங்குகிற அழுத்தம் முடிவில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தூளில் முதலில் கரைவது புளிப்பும் வாசனையும். கடைசியில் கரைவது கசப்பு. கசப்பின் முறை வரும்போது அழுத்தம் தளர்ந்துவிடுவதால் கோப்பை சாந்தமாக முடிகிறது. இதை யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. வில்லின் சுபாவம் அப்படி. பின்னாளில் பம்பு இயந்திரங்களில் கணிப்பொறி வைத்து இதே தளர்ச்சியைப் போலி செய்யப் பெரும்பணம் செலவழித்தார்கள்.

வில்லே இல்லாத வகையும் உண்டு. லா பவோனி 1961-இல் கொண்டுவந்த வீட்டு உபயோக யூரோபிக்கோலாவில் நெம்புகோலை மேலே தூக்கினால் தண்ணீர் வரும்; பிறகு கீழே அமுக்க வேண்டும். அழுத்தம் முழுக்கக் கையினுடையது. தூள் நைசாக இருந்தால் கை நகராது. பருமனாக இருந்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கிவிடும். தூளின் எதிர்ப்பைக் கை நேரடியாக உணர்கிறது. உணர்ந்து அந்த நிமிஷமே திருத்திக்கொள்கிறது. எந்த அளவுமானியும் இதைச் சொல்லாது.

பாதகங்கள் இதன் மறுபக்கம். ஒரு கோப்பை போல இன்னொன்று வராது. காலையில் வந்த காப்பி சாயங்காலம் வராது, கை களைத்திருக்கும். உலோகத் தலை காலையில் குளிர்ந்து கிடக்கும். முதல் கோப்பை புளிக்கும். தொடர்ந்து இழுத்துக்கொண்டிருந்தால் தலை சூடேறிப் பழைய கருகல் திரும்பிவிடும். வீட்டு இயந்திரங்களில் மூன்று நான்கு கோப்பைக்குப் பிறகு ஆறவிட வேண்டும். சின்ன இயந்திரங்களை ஒரு கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் சாய்ந்துவிடும். தூளோ தண்ணீரோ இல்லாமல் இருக்கும்போது, இழுத்த வில் நெம்புகோலைக் கையை விட்டுவிட்டால் அது துள்ளி மேலே வந்து தாடையில் அடிக்கும். கற்றுக்கொள்ள மாதங்கள் வேண்டும்; கற்றுக்கொண்டவன் வேலையை விட்டுப் போனால் கடையின் காப்பியும் அவனோடு போய்விடும்.

கடைசியாகச் சொன்னது முதலாளிக்குப் பாதகம். தொழிலாளிக்கு அதுவே சாதகம். 1961-இல் ஃபயேமா கம்பெனியின் எர்னெஸ்தோ வலென்தே ஈ-61 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் இத்தாலியில் தெரிந்த பூரண சூரிய கிரகணத்தை நினைவுகூர்கிற பெயர் என்று சொல்வார்கள். மின்பம்பு ஒன்பது வாயுமண்டலத்தைத் தட்டாமல், தளராமல் கொடுத்தது. நெம்புகோல் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கைப்பிடி. கிரகணத்தில் மறைந்தது சூரியன் மட்டுமல்ல. ஒரு மனிதன் தன் உடம்பால் ஒரு கோப்பைக்குப் பொறுப்பேற்றுக்கொண்ட ஏற்பாடும் மறைந்தது. வங்கியில் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தன் பொறுப்பில் பணம் கொடுத்த கவுண்ட்டர் ஊழியருக்கும், எண்ணைத் தட்டினால் திரை சம்மதம் சொல்கிற காலத்து ஊழியருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தவறுகள் குறைந்திருக்கின்றன. தவறு செய்யக்கூடிய ஆளும் குறைந்துவிட்டார்.

இதோடு நிறுத்தினால் இது கைவினை மறைந்ததற்கு ஒப்பாரி வைக்கிற இன்னொரு கட்டுரையாக முடியும். மேல்நாட்டில் அப்படி நிறைய எழுதியிருக்கிறார்கள். அங்கே அதற்கு நியாயமும் உண்டு. இங்கே ஒப்பாரியைத் தொடங்குமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

5

தமிழ்நாட்டுக் காப்பியின் இயந்திரம் வடிகட்டி. இரண்டு அடுக்குப் பாத்திரம். மேலடுக்கின் அடியில் ஊசித்துளைகள். தூளின்மேல் காம்பு வைத்த ஒரு துளைத்தட்டு. அதற்கு மேல் வெந்நீர். அழுத்தம் பூமி கொடுப்பது மட்டும். பத்து சென்டிமீட்டர் தண்ணீரின் பாரம் ஒரு வாயுமண்டலத்தில் நூறில் ஒரு பங்கு. கஜ்ஜாவின் இயந்திரம் அரை நிமிஷத்தில் செய்ததை இது கால்மணிக்கு மேல் எடுத்துக்கொண்டு செய்கிறது. அவசரமில்லாத, அழுத்தமில்லாத காப்பி. இத்தாலியர்கள் பஞ்சத்தில் சகித்துக்கொண்ட சிக்கரி இங்கே ருசியின் அங்கமாயிற்று. சிக்கரி தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு மெதுவாக விடுவதால் டிக்காஷன் கெட்டியாக இறங்குகிறது. அழுத்தத்தால் ஆக வேண்டியதைத் தாமதத்தால் சாதித்திருக்கிறோம். உத்தி என்ற அளவில் இது நெம்புகோலுக்கு எந்த வகையிலும் இளைத்ததல்ல.

ஆனால் வடிகட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நெம்புகோல் இயந்திரம் மேஜையின்மேல் வாடிக்கையாளர் முன்னால் நிற்கிறது. கஜ்ஜாவின் காலத்தில் இயந்திரம் செங்குத்தான கோபுர வடிவத்தை விட்டுப் படுக்கை வடிவத்துக்கு மாறியது. 1948-இல் லா பவோனிக்காக ஜியோ பொன்தி என்ற கட்டிடக் கலைஞர் வரைந்த வடிவமும் அப்படித்தான். நம் வடிகட்டி உள்ளே, அடுக்களையில். வீட்டில் அதை இயக்குகிற கை பெண்ணுடையது. விருந்தாளி பார்ப்பது தம்ளரும் டவராவும் மட்டுமே. ஓட்டலிலும் அப்படியே: காப்பி கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வரும், ஆனால் யார் போட்டது என்பது வெளியே பலகையில் எழுதியிருக்கும். 'பிராமணாள் காபி கிளப்.' சமையல்காரரின் பெயரைச் சொல்லவில்லை, கைப்பக்குவத்தைச் சொல்லவில்லை. கையின் ஜாதியைச் சொன்னது பலகை.

காப்பி தமிழ் மத்தியதர வர்க்கத்தின் அடையாளமாக உருவான கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காப்பி மேலே போனதும் டீ உழைக்கிறவர்களின் பானமாயிற்று. நான் இங்கே சேர்க்க விரும்புவது ஒரு ஆண்டின் எண்ணை மட்டும்: 1957.

அந்த ஆண்டு மே மாதம் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி மறியல் தொடங்கினார். தொண்டர்கள் தினமும் கைதானார்கள். 1958 வரை அது நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், காப்பி வாரியம் மூடிக்கொண்டிருந்த காப்பி ஹவுஸ்களை, ஏ.கே. கோபாலனின் முயற்சியால் ஊழியர்களே கூட்டுறவு அமைத்து எடுத்துக்கொள்வது பெங்களூரில் தொடங்கியது. கோப்பையைக் கொண்டுவந்து வைத்த கை கடைக்குச் சொந்தக்காரன் ஆயிற்று.

அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் ஒரு சமாதானக் கூட்டம் கூட்டினார். அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் இம்மானுவேல் சேகரன். ராணுவத்தில் இருந்து திரும்பியவர். தீண்டாமைக்கு எதிராக இந்த வட்டாரத்தில் இயங்கியவர். சமமாக உட்காருவது, சமமாகப் பேசுவது என்பதே அந்தக் கூட்டத்தில் பிரச்சினையாக இருந்தது. மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் கொல்லப்பட்டார். தொடர்ந்து நடந்த கலவரத்துக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இந்த ஊரின் பெயரே சரித்திரத்தில் தலைப்பாகிவிட்டது. இந்த ஊரில் உட்கார்ந்து எந்த விஷயத்தின் சரித்திரத்தை எழுதினாலும், காப்பியின் சரித்திரமானாலும், 1957 குறுக்கே வந்து நிற்கிறது.

அந்த வருஷத்துக்குள் கஜ்ஜாவின் இயந்திரம் கடல் தாண்டியிருந்தது. 1953-இல் லண்டன் ஃப்ரித் தெருவில் மோக்கா பார் திறந்தபோது அங்கே நின்றது கஜ்ஜாவின் நெம்புகோல் இயந்திரம். திறந்து வைத்தவர் நடிகை ஜினா லொல்லோபிரிஜிதா. அங்கே வாலிபர்கள் இழுப்பவனின் கையைப் பார்த்து, நுரையைப் பார்த்து வியந்துகொண்டிருந்த வருஷங்களில், தமிழ்நாட்டின் கிராமத்து டீக்கடைகளில் பார்வை தம்ளரின்மேல் இருந்தது. உள்ளே அலமாரியில் கண்ணாடித் தம்ளர். வெளியே கூரையில் செருகிய, அல்லது ஆணியில் தொங்கிய, வேறு தம்ளர், அல்லது சிரட்டை. குடித்துவிட்டுக் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பொது உணவகத்துப் பாத்திரங்களை ஒருவர் பயன்படுத்துவதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, தம்ளர் கூரையில் இருந்தது.

6

டீ மாஸ்டர் என்பவர் நம்முடைய நெம்புகோல்காரர். பாய்லரின் கொதியைச் சத்தத்தில் தெரிந்துகொள்வார். சில கடைகளில் பாய்லருக்குள் ஒரு நாணயம் போட்டு வைத்து அது ஆடுகிற ஓசையைக் கேட்பதுண்டு. துணிப் பையில் தூள், ஒரு கையில் குவளை, இன்னொரு கையில் தம்ளர், இரண்டுக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்குத் தேநீர். ஆற்றுவது என்று இதற்குப் பெயர். இழுப்பதற்கும் ஆற்றுவதற்கும் உள்ள உறவு விளங்கும்: இரண்டிலும் சூட்டைக் கட்டுப்படுத்துவது கை. ஆளுக்கு ஒரு தம்ளர், கேட்டவனுக்கென்றே, கேட்டவன் கண் முன்னால். எஸ்பிரஸ்ஸோ என்ற சொல்லின் மூன்றாவது அர்த்தம் நம் டீக்கடையில் இத்தாலிய இயந்திரம் எதுவும் இல்லாமலே நிறைவேறியிருக்கிறது. ஒரே திறமை, ஒரே கொதி, ஒரே தூள். வந்தவர் யார் என்று பார்த்துவிட்டு அந்தக் கை தம்ளரை எடுக்கும் இடத்தில்தான் கோளாறு.

ஆகவே கையின் பொறுப்பு என்று மேலே சொன்னதைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கை தூளின் எதிர்ப்பை உணர்கிறது, நிமிஷத்தில் தீர்மானிக்கிறது, கோப்பைக்குக் கோப்பை வேறுபடுகிறது. இதுவே கையின் பெருமை என்றோம். எதிரில் நிற்பவர் யார் என்பதையும் கை அதே வேகத்தில் தீர்மானிக்கிறது. ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரு இடத்தில் கலை என்று நாம் மதிக்கிற அதே நுட்பமான பாகுபாடு இன்னொரு இடத்தில் கொடுமையாகிறது. இரண்டும் ஒரே கை.

பொத்தானை அழுத்தினால் காப்பியோ டீயோ கொடுக்கிற பெட்டிகள் இப்போது அலுவலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் இருக்கின்றன. பானம் சகிக்காது. ருசியறிந்தவர்கள் அதைக் கேலி செய்கிறார்கள், நியாயம்தான். ஆனால் அந்தப் பெட்டி யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. ஈ-61-இன் பம்பு மிலானில் ஒரு கைவினைஞனை வேலையிலிருந்து நீக்கியது. அதே மாதிரிப் பம்பு நம் நாட்டில் ஒருவனுக்கு, ஒரு அவமானத்துக்கு ஆயத்தமாகாமல் டீ குடிக்கிற சௌகரியத்தைக் கொடுத்திருக்கக்கூடும். இயந்திரத்தின் மனிதத்தன்மையற்ற போக்கைப் பற்றி ஐரோப்பாவிலிருந்து நாம் கடன் வாங்கிய துக்கத்தில் இந்தக் கணக்கு சேரவில்லை.

ஆனால் இயந்திரம் தீர்த்து வைத்துவிடும் என்று நம்பவும் இடமில்லை. இரட்டைத் தம்ளரைக் கண்டித்துப் போராட்டங்களும் வழக்குகளும் வந்த பிறகு, தூக்கி எறிகிற கோப்பைகள் சில கடைகளில் அந்த வேலையைச் செய்யத் தொடங்கின. சிலருக்குக் கண்ணாடித் தம்ளர், சிலருக்கு மட்டும் பிளாஸ்டிக் கோப்பை. கேட்டால் சுகாதாரம் என்று பதில். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கோப்பைகளுக்குத் தடை வந்தது; தடையின் காரணம் குப்பை. கோப்பை மாறினாலும், பாய்லர் மாறினாலும், இயந்திரம் மாறினாலும், கடைசியில் அதை நீட்டுகிற இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.

பெருநகரங்களில் நெம்புகோல் இயந்திரங்கள் மறுபடியும் வருகின்றன. கையால் இழுத்த காப்பி என்பதற்கு விலை அதிகம். இழுப்பவனுக்குப் பயிற்சி உண்டு, போட்டிகள் உண்டு, இத்தாலியப் பெயரும் உண்டு. நல்லதுதான், கைக்கு மதிப்பு திரும்புவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் திரும்புகிற அந்த மதிப்பு, நம் டீ மாஸ்டரின் கையைத் தொடவில்லை. அவருடைய வேலைக்குப் பயிற்சி என்றோ கலை என்றோ பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கைக்கு மதிப்பு கொடுப்பதற்கு முன்னால் அது யாருடையது என்று பார்க்கிற பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை.

கஜ்ஜா அழுத்தத்தையும் சூட்டையும் தனித்தனியாகப் பிரித்தார். ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தவரை இரண்டில் எது காப்பியைக் கருக்கியது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பிரித்த பிறகுதான் தெரிந்தது. நம்மிடம் கையின் திறமையும் கையின் ஜாதியும் அப்படி ஒரே பாய்லருக்குள் கொதித்துக்கொண்டிருக்கின்றன. கைப்பக்குவம் என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதே கலங்கியிருக்கிறது. பிரிப்பதற்கு எந்தக் கம்பெனியும் காப்புரிமை வாங்கப்போவதில்லை. கடைக்காரரும் குடிக்க வருகிறவர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. செய்து முடிக்கிறவரை, கைவினையின் அழிவைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்தக் கையிலிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் எந்த இடத்தில் நின்று வாங்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.